ஒரு சிட்டிகை ஜிகினா

என் அம்மா நெற்றியில் பொட்டு வைப்பதில்லை என்பதை, நான்காம் வகுப்பில் ஒருத்தி கேட்கும்வரை நான் கவனித்ததே இல்லை. முந்தின நாள் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மா பள்ளிக்கு வந்து போயிருந்தாள். மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அந்தப் பெண் சர்வசாதாரணமாகக் கேட்டாள்: “ஏன்டி, உங்கப்பா செத்துட்டாரா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா அன்று காலைதான் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, வீடே அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். “அப்ப ஏன் உங்கம்மா பொட்டு வெக்கல? பூவும் இல்ல, வளையலும் இல்ல?” என்றாள். அவள் டப்பாவிலிருந்த அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கிவிட்டு எழுந்து வந்தேன். அந்த வயதில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அம்மா ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக் சாமான் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே தூசியே புகாத அறை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன பாகங்களை லென்ஸ் வழியாகப் பார்த்து ஒட்டுவது அவள் வேலை. அந்த அறைக்குள் பவுடர், மை, பொட்டு, பூ, வளையல் எதுவும் போகக் கூடாது. தினமும் வாசலில் கழற்றிக்கொண்டிருப்பானேன் என்று அம்மா எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டாள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, தலைக்குக் குல்லாய், வாய்க்கு முகமூடி. “உள்ள போனா கண்ணு மட்டும்தான் தெரியும். எவ அழகு, எவ கருப்பு, ஒண்ணும் தெரியாது. கை வேலைதான் பேசும்” என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது.

பத்தாவது மட்டுமே படித்த அம்மாவை, பொங்கல் கழித்து அந்த அறைக்கே லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். லீடர் என்றால் பாகங்கள் ஒட்டி முடித்த ஒவ்வொரு தட்டுக்கும் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அம்மா தன் பெயரைச் சாய்த்துச் சாய்த்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். ரப்பர் வைத்து அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். எனக்கோ அவள் பெயர் எந்தப் பாஷையில் இருந்தால் என்ன, அவள் பூ வைத்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். அந்த அப்பளக்காரி அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் அது லேசான ஆசை இல்லை. ராத்திரி படுத்தால் அதுதான், எழுந்தால் அதுதான்.

அதனால் நேராக சித்தியிடம் போனேன். அம்மாவின் தங்கையான சித்தி, கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். பாகலூர் ரோட்டில் சின்னதாக ஒரு பார்லர். முகூர்த்த நாட்களில் இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தளி, பேரிகை என்று சுற்றுவாள், கர்நாடக எல்லை தாண்டியும் போவாள். பெண் வீட்டார் எந்தப் பாஷைக்காரர்களோ அந்தப் பாஷையிலேயே அவர்களை அதட்டுவாள். மணப்பெண் கண் கலங்கினால் மை ஒழுகிவிடும் என்பதால் சித்திக்கு அழுகை மட்டும் ஆகவே ஆகாது. “அழாதம்மா, அளபேட, ஏடவகு” என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து ஒரே மூச்சில் சொல்வாள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மாவுக்கு மேக்கப் போட்டு விட வேண்டும் என்று கேட்டேன். சித்தி சிரித்துவிட்டாள்.

“உங்கம்மா சின்ன வயசுல ஒரு நெயில் பாலிஷுக்காக எங்கூட மண்ட ஒடையச் சண்ட போட்டவடி. அவ கல்யாணத்துக்கு நான்தான் அலங்காரம். எனக்கு அப்ப என்ன தெரியும்? பவுடர அப்பி வுட்டுட்டன். போட்டோவுல சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி நிப்பா. ஒருவாட்டி அவளுக்கு ஒழுங்கா போட்டுப் பாக்கணும்னு எனக்கும் ஆசதான்.”

அம்மா முதலில் முடியவே முடியாது என்றாள். விழா ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை முதல் ஷிப்டு. “எங்கனா ஒரு பொட்டு ஒட்டிக்கினு இருந்தா என் பொழப்பு போயிடும்டி” என்றாள். சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. “போடத் தெரிஞ்சவளுக்கு எடுக்கத் தெரியாதா? சாயந்திரமே எடுத்து வுட்டுடறன். நான் கை வெச்ச மூஞ்சில ஒரு திட்டு நின்னுதுன்னு எவளாச்சும் சொல்லியிருக்காளா?” என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமையே அம்மாவைத் தலைக்குக் குளிக்கச் சொல்லிவிட்டாள் சித்தி. அன்றைக்கே குளித்த முடி வழுக்குமாம், பின்னலும் நிற்காது, பூவும் நிற்காது. ஞாயிறு மத்தியானம் பெட்டிகளோடு வந்ததும் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். டியூப் லைட் பொய் சொல்லும், வெயில் சொல்லாது என்பது அவள் கட்சி. முகத்தில் கிரீமைத் தடவிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். அம்மா பொறுமையிழந்து கூப்பிட்டபோது உள்ளேயிருந்தே பதில் வந்தது: “அது உள்ள எறங்கட்டும் அக்கா! அவசரப்பட்டு மேல பூசினா திட்டுத் திட்டா நிக்கும்.”

டீ முடிந்து வந்து, ஃபவுண்டேஷனைத் தாடையோரம் மூன்று கோடாக இழுத்துப் பார்த்து, அவற்றில் கண்ணுக்கே தெரியாமல் மறைந்த கோட்டின் நிறத்தை எடுத்தாள். எல்லோரும் கையில் தடவிப் பார்த்து வாங்கி ஏமாறுகிறார்களாம். “கையா மேடையேறப் போவுது? மூஞ்சியும் கழுத்தும் ஒரே ஊரா இக்கணும்” என்றாள். பவுடரைத் தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தாள். உச்சியில் முடியை உள்பக்கமாகச் சீவி லேசாக உப்பவைத்து, ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தி, மேலே மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். கடைசியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

எனக்கும் போட்டு விட்டாள். நான் மேடையில் ஆட வேண்டியவள் என்பதால் கண் இமையில் தங்க ஜிகினா. அதை மட்டும் எனக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு போட்டாள். “அக்கா, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. இந்தச் சனியன் ஒருவாட்டி சிந்தினா ஒரு மாசத்துக்கு வூட்டவுட்டுப் போவாது” என்றாள். போட்டு முடித்ததும் தன் விரல்களில் டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து, மிச்ச ஜிகினாவை எடுத்தாள்.

அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக என்னிடம், “அப்பாவ எழுப்புடி” என்றாள். அப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்தார், பாதித் தூக்கத்தில் வாசற்படியிலேயே நின்று, “யாரு வந்திருக்காங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

விழாவில் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆட்டத்தைக் கோட்டை விட்டேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்பினால் நான் இடப்பக்கம். டீச்சர் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தார். யாருக்கு என்ன போச்சு! அப்பளக்காரி என் அம்மாவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், நான் எண்ணினேன். தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் சித்தி தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாப்பிடும்வரையாவது இருக்கட்டும் என்று கெஞ்சினேன். “காலைல வேலைக்குப் போவணும்ல கண்ணு” என்றாள் அம்மா. முதலில் பூவை எடுத்தார்கள், பிறகு பொட்டை. எண்ணெய் தடவிய பஞ்சில் என் அழகான அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தாள். காதின் பின்புறம், மூக்கின் ஓரம், கழுத்து மடிப்பு என்று எதையும் விடவில்லை சித்தி. அம்மா தலைக்குக் குளித்து, வெறும் நெற்றியோடு வந்து நின்றாள். அந்த நெற்றியை நான் வெறுத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் வெறுத்தேன் என்பதுதான் உண்மை.

சித்தி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தச் சின்ன ஜிகினா டப்பாவை எடுத்து என் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை. கம்பெனி பஸ் ஐந்தரைக்கு வரும். அம்மா தலை வாரி முடித்து, கீழே உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் விரல் நுனியில் ஒரு சிட்டிகை ஜிகினா. அதை வகிட்டில் வைத்து, விரலால் முடிக்குள் இழுத்து விட்டேன். நேற்றைய அம்மாவில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும், அதை அவளும் பார்க்காமல், யாரும் துடைக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, காலங்காத்தால பாசம் பொங்குது?”

அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பஸ் ஹாரன் அடிக்கும்வரை கைகளை விடவில்லை. எத்தனையோ வருடங்கள் கழித்தும் அந்தப் பிடிக்காக ஏங்குகிறேன். ஏங்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது.

பள்ளி விட்டு வந்தபோது அம்மா புடவை மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே சித்தி. அம்மா சத்தம் போடவே இல்லை. அது எனக்கு அதிசயமாக இருந்தது.

“லென்ஸ்ல பாத்தன். தட்டுல பளபளன்னு ஒண்ணு. அப்பறம் இன்னொண்ணு. நான்தான் கையத் தூக்கி சூப்பர்வைசரக் கூப்பிட்டன். எங்கிருந்து வந்துச்சின்னு ஒவ்வொருத்தியா பாத்தாங்க. எங்கிட்ட வந்ததும் குல்லாயக் கழட்டச் சொன்னாங்க. எல்லாரு முன்னாடியும் கழட்டினன். கொட்டுது, அப்படிக் கொட்டுது. மூணு நாள் வேல, அத்தன பேரு வேல, எல்லாம் போச்சி. நீ எடுத்து வுட்டுடறன்னுதான சொன்ன?”

சித்தி வாயைத் திறந்தாள். அம்மா தலையில் அவள் ஜிகினாவே போடவில்லை, அதைத்தான் சொல்ல வந்திருப்பாள். அதற்குள் அவள் கண் என் மேல் விழுந்தது, என் கைக்கு இறங்கியது. என் நகக்கண்களில் தங்கம் மின்னிக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“என் தப்புதான் அக்கா. இவளுக்குப் போட்ட கையோட உன் தலையத் தொட்டுட்டன் போல. நான்தான் சரியா பாக்கல” என்றாள் சித்தி.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி எழுந்து, என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், நகங்களை ஒட்ட ஒட்ட வெட்டி விட்டாள். டப்பாவை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். போட்டதைத் துடைக்கத் தெரியாதவள் என்ற பேரை, நாலு பேர் சொல்லும் நல்ல வார்த்தையால் பிழைக்கும் அந்த ரோஷக்காரி எதற்காகத் தானே வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. திட்டு விழாமல் தப்பித்ததே பெரிதாக இருந்தது. அக்காவும் தங்கையும் அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசப் பல மாதங்கள் ஆயின. நான் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிடுவது என்று போகிறேன். சாப்பிட்டியா என்று அவள் கேட்டதும் தைரியம் போய்விடுகிறது.

ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்தாள். பிறகு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, அட்டைப்பெட்டி கட்டும் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வெள்ளை உடுப்பு கிடையாது, குல்லாய் கிடையாது. யார் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை.

முதல் நாள் காலை அம்மா கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போட்டாள். கண்ணுக்கு மை இட்டாள். பெரிய பொட்டாக ஒன்று வைத்தாள். பக்கத்து வீட்டில் வாங்கிய கனகாம்பரத்தைத் தலையில் செருகிக்கொண்டாள். நான் தூக்கம் கலைந்து பாயில் எழுந்து உட்கார்ந்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. நான் கேட்காமலே, ஆண்டு விழா இல்லாமலே, என் அம்மா!

“நல்லா இக்கறனா?” என்று கேட்டாள்.

“சூப்பரா இருக்கம்மா! தெனமும் இப்படியே போம்மா” என்றேன்.

“ஆமா கண்ணு. இனிமே தெனமும் இப்படித்தான்” என்றாள் அம்மா.

நான் பாயில் எழுந்து நின்று கை தட்டினேன்.