மஞ்சள் பாட்டிலின் மூடி

கழுவிய குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் இஷ்பெல் கெட்டிஸ் அலமாரியில் வைக்கமாட்டார். எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். வயது ஐம்பத்தெட்டு. கர்க்கால்டி நகரத்துத் தரைவிரிப்புத் தொழிற்சாலையின் ஆளிவிதை எண்ணெய் நாற்றத்தில் பதினெட்டு வருஷம் வெந்துவிட்டு எங்களிடம் வந்தவர். தலைமையாசிரியருக்குப் பயந்தோமோ இல்லையோ, ஆசிரியர்கள் எல்லோரும் இஷ்பெலுக்குப் பயந்தோம். அழுக்குப் பிப்பெட்டைத் தொட்டியில் போட்டவன் அன்று நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த பாட்டிலைச் சோதித்தாலும் லேபிளில் தேதியும் சோதித்தவரின் முதலெழுத்துகளும் எழுத வேண்டும். எங்கள் ஃபைஃப் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்த வழக்கம் அது. வேலைக்கு முன் மேற்பார்வையாளர் உள்ளே போய், தீப்பிடிக்கும் வாயு இல்லை என்று பார்த்து, சுவரில் சாக்கட்டியால் எழுதிவிட்டு வருவார். ஒருநாள் ஒருவன் உள்ளே போகாமலே எழுதிவிட்டான். அந்த எழுத்தை நம்பிப் போய்ச் செத்த நாலு பேரில் இஷ்பெலின் அப்பாவும் ஒருவர். தொட்டியைத் தேய்த்தபடியே இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

ஆய்வகத்தை ஒட்டிய பொருள் அறையில், மேல்தட்டில், பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிக்ரிக் அமிலம் இருந்தது. கம்பளி நூலுக்கு மஞ்சள் சாயம் ஏற்றிக் காட்ட யாரோ எந்தக் காலத்திலோ வாங்கியது. தண்ணீரில் ஊறிக்கிடக்கும்வரை அது சாது. உலர்ந்துவிட்டால் வெடிமருந்து. மூடியின் மரையில் சிக்கிய துணுக்கு உரசினாலே போதும். தண்ணீர் வற்றுவது இயற்பியல் மாற்றம்தான், எந்த அணுவும் பிணைப்பு மாறுவதில்லை. ஆனால் அதற்கடுத்து வரும் வேதியியல் மாற்றம் கட்டடத்தையே தூக்கிவிடும். அதனால் பள்ளிப் பருவத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

1981-இல் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக இஷ்பெல் இரண்டு பருவம் விடுப்பில் போனார். தண்ணீர் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நான் யூவன் லோரிமர், வேதியியல் ஆசிரியன், சோம்பேறி. ஏணியில் ஏறினேன், லேபிளில் தேதி போட்டேன், 'யூ.லோ.' என்று எழுதினேன், தண்ணீர் ஊற்றாமலே இறங்கிவிட்டேன். கையுறை கிடைக்கவில்லை, மணி வேறு அடித்துவிட்டது. அடுத்த பருவத்திலும் அதேதான். வெந்நீர்க் குழாய் அந்த அலமாரிக்குப் பின்னால்தான் ஓடுகிறது, அதன் சூட்டில் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இஷ்பெல் திரும்பி வந்த அன்று காலை, முதல் வருடப் பிள்ளைகள் முப்பது பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"மெழுகு உருகி ஆறினா?"

"மறுபடியும் மெழுகுதான் சார்."

"மெக்னீசியம் எரிஞ்சா?"

"வெள்ளச் சாம்பல் சார். திரும்பி வராது."

"அப்ப அதோட அணுவெல்லாம் எங்க போச்சு?"

வாரி என்ற பெண் கையைத் தூக்கினாள். "எங்கயும் போகல சார். காத்துல இருந்த ஆக்சிஜனோட ஜோடி சேந்துடுச்சு. கல்யாண வீட்டு டான்ஸ்ல எங்க மாமா ஜோடி மாத்துவாரே, அந்த மாதிரி."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் பொருள் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யூவன்."

பிள்ளைகள் முன்னால் இஷ்பெல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஏணியின் மூன்றாம் படியில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் அந்த பாட்டில். கழுத்தைச் சுற்றி மஞ்சள் துகள் பொருக்குத் தட்டியிருந்தது.

"பாத்துக்கிட்டு நிக்காத. பிள்ளைங்கள வெளிய அனுப்பு. ஓடக் கூடாது. கதவ அடிச்சுச் சாத்தக் கூடாது."

பர்னர்களை அணைத்தேன். பையை விட்டுவிட்டு வரிசையாகப் போகச் சொன்னேன்.

"தீ ஒத்திகையா சார்? மணியே அடிக்கலையே?" என்றாள் வாரி.

"மைதானத்துக்குப் போம்மா. பக்கத்து வகுப்பையும் கூட்டிக்கிட்டுப் போ."

நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது. எனக்கு உயிரே போய் வந்தது.

கடைசிப் பிள்ளையும் போனதும் திரும்பி வந்தேன். "குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

"கை மாத்துனா ஆடும். என் இடுப்பு புதுசு, பிடிமானம் இல்லாம இறங்க முடியாது. பின்னாலேருந்து இறுக்கிப் புடி."

பிடித்தேன். ஒரு படி இறங்கினார். அவர் மூச்சு என் கைக்குள் ஏறி இறங்கியது. இரண்டாவது படியில் அவர் கால் தடுமாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் திறடா மடையா. மேசையில ஈரத் துணிய விரி."

ஒரு கையால் அவரைப் பிடித்தபடி மறு கையால் விரித்தேன். கடைசிப் படியும் இறங்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் பாட்டிலை வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தோம்.

மைதானத்தில் தலைமையாசிரியர் பால்ஃபர் கடுகடுவென்று நின்றிருந்தார். "ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு? காவலாளிய விட்டுக் குப்பையில போடச் சொன்னா முடிஞ்சுது."

"நீங்களே போய் எடுங்க சார். நான் இங்கேருந்து பாக்கறேன்," என்றார் இஷ்பெல்.

அவர் போகவில்லை. எடின்பரோவிலிருந்து வெடிகுண்டு அகற்றும் ராணுவ வண்டி வந்தது. மைதானத்தின் கடல் ஓரத்தில் குழி தோண்டி, மணல் மூட்டை அடுக்கி, மத்தியானம் வெடிக்க வைத்தார்கள். நெஞ்சில் குத்தியது மாதிரி ஒரு சத்தம். கடற்பறவைகள் மொத்தமாக எழும்பின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பால்ஃபரின் முகம் வெளுத்திருந்தது. "எத்தன நாளா தண்ணி ஊத்தாம கெடந்துச்சு? லேபிள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

லேபிள் இப்போது புகை. அதைப் படித்தவர் இஷ்பெல் ஒருவர்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். தப்பிக்கத்தான் ஆசைப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

"என் கையெழுத்து சார். ரெண்டு தடவ. தண்ணி ஊத்தல."

"நாளைக்கு என் அறைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு பால்ஃபர் போனார். இஷ்பெல் அப்போதுதான் பேசினார்.

"மேலேயே மூடிய கால் சுத்து திருகிட்டேன், யூவன். சர்க்கரய மிதிச்சாப்பல நறநறன்னுச்சு. அதோட நிறுத்திட்டேன்."

"ஏழு மாசமா நீங்க பாக்காத பாட்டில். ஏன் திருகினீங்க?"

"உன் எழுத்து இருந்துச்சே."

சொல்லிவிட்டுத் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.