நடுவுல மாமா, நடுவுல!

என் தாய்மாமா பத்தாம் வகுப்பில் மூன்று முறை கோட் அடித்தவர். மூன்று முறையும் இங்கிலீஷில்தான். கணக்கில் அறுபது வாங்கியவர், அறிவியலில் படம் போட்டே தப்பித்தவர், இங்கிலீஷ் என்றால் மட்டும் அவருக்குக் கை வேர்த்துவிடும். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை அவருக்குத் தயாராக இருந்தது. பத்தாவது பாஸ் சர்டிபிகேட் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. தீபாவளி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். அதனால் அந்த செப்டம்பர் மாதத் தனித்தேர்வை விட்டால் மாமாவுக்கு வேறு கதி இல்லை.

அவருக்கு டியூஷன் எடுத்தது நான். அப்போது நான் ஏழாம் வகுப்பு. சிரிக்க வேண்டாம். வடக்கனந்தலில் அவருடைய வசதிக்கு, அதாவது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் மரவள்ளிக்குக் களை எடுக்கும்போதும் கூடவே நின்று பாடம் நடத்தக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. சம்பளம் வேர்க்கடலை மிட்டாய். அடிக்கும் உரிமையும் எனக்கு இருந்தது, அதை நான் தாராளமாகவே பயன்படுத்தினேன்.

எங்கள் டீச்சர் அந்த வருடம்தான் 'பிக் அப்', 'புட் டவுன்' மாதிரி இரண்டிரண்டாக வரும் வினைச்சொற்களை நடத்தியிருந்தார். அதை நான் மாமாவுக்குப் பஸ் சீட்டாக மாற்றிச் சொன்னேன். 'பிக்' ஜன்னலோரம், 'அப்' இந்த ஓரம். பெயர்ச்சொல் பெரிய ஆள், நடுவிலும் உட்காரலாம், கடைசியிலும் உட்காரலாம். 'மீ', 'ஹிம்', 'இட்' எல்லாம் சின்னப் பிள்ளைகள். ஓரத்தில் உட்கார வைத்தால் விழுந்துவிடும், நடுவில்தான் வைக்க வேண்டும். ஆனால் 'லுக் அட்' என்று ஒரு ஜோடி இருக்கிறது. அது புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி, நடுவில் ஒருவரையும் விடாது. அங்கே மட்டும் சின்னப் பிள்ளையும் பின்னால்தான் போக வேண்டும்.

மாமா புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடியை உடனே பிடித்துக்கொண்டார். 'லுக் அட் மீ' ஒரு நாளும் தப்பியதில்லை. நடுவில் வைக்க வேண்டியதைத்தான் கடைசியில் கொண்டுபோய் வைப்பார். புட் டவுன் மீ. பிக் அப் ஹிம். காதைத் திருகிக் கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"இங்கிலீஷ்ல எல்லாம் தலைகீழாதான பாப்பா வரும்? நாம 'என்னை எறக்கு'ன்றோம். அப்ப அவன் 'எறக்கு என்னை'ன்னுதான சொல்லணும்? நடுவுல பூந்து குந்திக்கினா அது இன்னா பாஷை?"

மூன்று முறை அவரைக் கவிழ்த்தது இந்த நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. பதிலுக்கு இன்னொரு முறை காதைத் திருகினேன்.

பரீட்சை வந்த வாரம் மறியலும் வந்தது. எங்கள் சனங்களுக்குத் தனியாக இடஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராகப் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. வேறு இடங்களில் அந்த வாரம் நடந்தவை சிரிக்கும்படியானவை அல்ல என்பதைப் பின்னாளில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் மாமாவின் பரீட்சை மட்டுமே. தேர்வை ஒத்திவைத்ததாக ரேடியோவில் ஒரு வார்த்தையும் வரவில்லை. விடிந்ததும் மாமா சைக்கிளை எடுத்தார். கடைசி நேரம் வரைக்கும் கேள்வி கேட்க வேண்டும் என்று நானும் கேரியரில் ஏறிக்கொண்டேன். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு என் மடியில்.

அந்தச் சவாரியை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கல்வராயன் மலை, இரண்டு பக்கமும் கரும்பு, வண்டி வாகனம் இல்லாத ரோடு முழுக்க எங்களுக்கே. விழுந்து கிடந்த மரங்களுக்குப் பக்கத்தில் வயலில் இறங்கி, சைக்கிளைத் தூக்கி, மறுபடி ஏறினோம். நான் கேட்க, அவர் மிதித்துக்கொண்டே மூச்சு வாங்கப் பதில் சொன்னார். பத்துக்கு ஏழு தப்பு.

கள்ளக்குறிச்சி நெருங்கும்போது ஒரு பெரிய மரம். அதற்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவோடு ஆறாவது வரைக்கும் படித்த ஒருவர் எழுந்து வந்தார். நான் முந்திக்கொண்டு, "மாமாவுக்குப் பரீட்சைங்க" என்றேன்.

"பரீட்சையா? அப்ப போவட்டும், வுடுங்கப்பா. படிச்சவன் ஒருத்தனாவது நமக்கு வேணும்ல" என்று அவர் வழிவிட்டார்.

வழி கிடைத்த பிறகு மாமா செய்த காரியம்தான் எனக்கு விளங்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். "டைம் கீது பாப்பா. பத்து நிமிசம் படுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, முதல் வரிசைக்குப் போய், இஸ்திரி போட்ட சட்டையோடு ரோட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. பயந்துவிட்டார், பரீட்சையிலிருந்து நழுவப் பார்க்கிறார், இதற்காகவா ஒரு மாதம் தொண்டை வற்றக் கத்தினேன் என்று விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் நின்று பொருமினேன்.

பத்து நிமிடம் ஆவதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் வேன் வந்து நின்றது, போலீஸ்காரர்கள் மரத்தைத் தாண்டி வந்தார்கள். முன்னால் ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி வடநாட்டுக்காரர், இளவயது. தமிழ் இன்னும் அவர் வாய்க்கு வரவில்லை. எழுந்து போகச் சொல்லிக் கையை ஆட்டினார். ஒருவரும் அசையவில்லை. அவர் நேராக மாமாவைக் காட்டி, "பிக் ஹிம் அப்!" என்று கத்தினார்.

அந்த நேரத்திலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'ஹிம்' நடுவில்! டீச்சர் சொன்னது புத்தகத்துக்கு வெளியேயும் நடக்கிறது!

ஒரு போலீஸ்காரர் அக்குளில் கைகொடுத்தார், இன்னொருவர் காலைப் பிடித்தார். மாமா அந்தரத்தில் தொங்கினார். வேனில் ஏற்றிவிட்டால் பரீட்சை போச்சு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஐயோ, எறக்குங்க சார்! எனக்குப் பரீட்சை சார்!"

போலீஸ்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாமா அதிகாரியின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சார்! புட் டவுன் மீ சார்! புட் டவுன் மீ!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "நடுவுல மாமா, நடுவுல!" என்று அலறினேன்.

மாமா தலைமாட்டில் இருந்தவரைப் பார்த்தார், கால்மாட்டில் இருந்தவரைப் பார்த்தார். நடுவில் தொங்கும் தன்னையும் பார்த்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"புட் மீ டவுன்!" என்று ஊரே கேட்கக் கத்தினார். "மீ நடுவுல! புட் மீ டவுன் சார்!"

அதிகாரி திரும்பினார். ரோட்டில் படுத்திருந்த ஆளிடமிருந்து அவர் இங்கிலீஷை எதிர்பார்த்திருக்கவில்லை. "புட் ஹிம் டவுன்" என்றார். அவர்கள் பொத்தென்று போட்டார்கள். மாமா இடுப்பைத் தடவிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அதிகாரி அதைப் படித்தார், என்ன பாடம் என்று பார்த்தார், அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"டேய், நம்ம ஆளு இங்கிலீசுலயே பேசி எறங்கிட்டான்டா!" என்று கூட்டத்தில் ஒருவர் விசிலடித்தார். போலீஸ்காரர்கள் இந்தப் பக்கமிருந்து சைக்கிளைத் தூக்கிக் கொடுக்க, மறியல்காரர்கள் மரத்தின் மேல் ஏறி நின்று வாங்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். என்னையும் அப்படியே கைமாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து மாமா உள்ளே ஓடினார். வெளியே வேப்பமரத்தடியில் நான் புளிச்சோற்றில் பாதியைத் தின்று தீர்த்தேன். ரிசல்ட் வந்தபோது நாற்பத்தொன்று. தீபாவளிக்கு முன்பே தோளில் பை மாட்டிவிட்டார். ஓய்வு பெறும் வரைக்கும் அதே தனியார் பஸ்தான். அன்று மறியல்காரர்கள் கேட்ட இடஒதுக்கீடு இரண்டொரு வருடத்தில் வந்தது. மாமாவுக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை. அந்த ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போனது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். இதையெல்லாம் அன்றைக்கு யார் கண்டது?

அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது கேரியரில் உட்கார்ந்தபடி அவர் முதுகில் ஒரு குத்து விட்டேன். "அவங்கதான் வழி வுட்டாங்களே, அப்பறம் எதுக்கு மாமா போய்ப் படுத்த? பயந்துக்கினுதான?" என்று கேட்டேன்.

மாமா அன்றைக்கு இங்கிலீஷை ஜெயித்த தெம்பில் இருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "ஃபார் யூ" என்றார்.

நான் மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். 'ஃபார்' முன்னால், 'யூ' பின்னால். தப்பில்லை.

"கரெக்ட் மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.