விதைக்காத வருஷம்

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும், கார் நிறுத்த இடம் போதவில்லை என்று பேசக் கூடின கூட்டமாக இருந்தாலும், முதலில் ஒருவர் எழுந்து ஒரு சின்னத் தாளைப் படிக்கிறார். 'நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நிலம் இன்ன பழங்குடி மக்களுடையது. அவர்களிடமிருந்து இது எடுக்கப்பட்டது. அதை நினைவுகூர்கிறோம்.' ஒரு நிமிஷம்கூட ஆகாது. படித்தவர் உட்காருவார். எல்லோரும் காபியை எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக்காடுகளுக்கு மத்தியில் இருக்கும் மாநில அரசுப் பல்கலைக்கழகம் இது. முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் நிலத்தைப் பற்றி ஒருவர் எழுந்து நின்று தாளைப் படித்தால் அது கோர்ட்டு உத்தரவாக இருக்கும். பின்னாலேயே அமீனா வருவார். போச்சுடா, சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் என் ஆய்வகத்து மூத்த ஊழியர் லிண்டா இருந்தார். "அவர்கள் எப்போது வருகிறார்கள்?" என்று மெதுவாகக் கேட்டேன். "பன்னிரண்டரைக்கு. இன்றைக்கு சாண்ட்விச்" என்றார் லிண்டா.

இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை வாசலிலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். உழவர் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அரசாங்கம் நிலத்தைத் தூக்கிக் கொடுத்துத் தொடங்கியது. முதலில் உழவும் கால்நடையும் இயந்திரமும். பிறகு சட்டம், மருத்துவம், இசை. இப்போது புல்லுக்கென்று ஒரு பட்டப்படிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், நாலு வருஷப் படிப்பு! கோல்ஃப் மைதானத்துப் புல்லை எப்படிப் பச்சையாக வைத்திருப்பது என்று படிக்கிறார்கள். அந்தத் துறையின் மண் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. அப்பா ஆயுசு முழுக்க நெல்லுக்கு நடுவே புல்லையும் கோரையையும் பிடுங்கினார். நான் புல்லுக்குப் பசிக்கிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "புல்லு வளக்குறாங்களா? மாடு திங்கவா?" என்றாள். "இல்லம்மா, பந்தடிக்க." "நல்லா படிச்ச போ" என்றாள்.

நான் படித்ததும் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில்தான். ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகிற பக்கம், கல்லணையிலிருந்து வரும் புதாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற பூமியில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். ஒரு கழக ஆட்சியில் அடிக்கல் நாட்டி இன்னொரு கழக ஆட்சியில் திறந்தார்கள். அதனால் வாசலில் இரண்டு கல்வெட்டு, ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். உழவியல், மண்ணியல், நீர் மேலாண்மை, தோட்டக்கலை என்று நாலு துறையோடு ஆரம்பித்தது, கணினி, வணிக நிர்வாகம் என்று வளர்ந்து, இப்போது அஞ்சல்வழியில் யோகாசனம் வரைக்கும் வந்துவிட்டது. குறை சொல்லவில்லை. கூலிக்காரர் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் படியில் ஏறித்தான் மேலே வந்தோம். ஆனால் அந்தப் படியை யார் வயலில் கட்டினார்கள் என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை.

எங்கள் வயலில். எங்கள் வயல் என்றால், பட்டா மிராசுதார் பெயரில், பாடு எங்களுடையது. அப்பா குத்தகைச் சாகுபடிக்காரர். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தும் ஆள் வைத்து வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. தஞ்சை மாவட்டம் முழுக்கக் கொடியும் கோஷமுமாக இருந்தது. அப்பாவும் தெருவில் நாலு வீடு தள்ளியிருந்த ராமையனும் வயலை விட்டு வெளியேறமாட்டோம் என்று நின்று அடி வாங்கினார்கள். ஒரே போலீஸ் வேனில் போனார்கள். ராமையன் உறவு கிடையாது. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்குச் சித்தப்பா. பிறகு அவர் ஆளுங்கட்சிக்குப் போய்க் கிளைச் செயலாளர் ஆனார். அப்பா அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம ஆள் ஒருத்தன் ஆபீசுக்குள்ள இருக்கட்டுமே என்றார்.

பல்கலைக்கழகத்துக்கு நிலம் எடுக்கப்போவதாகத் தாசில்தார் வந்து சொன்னார். பட்டாதாரருக்கு இழப்பீடு, சாகுபடி செய்கிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு நிரந்தர வேலை. நான் அப்போது ஒன்பதாவது. "போவுது போ. நம்ம மண்ணுலயே காலேஜு வருது, புள்ளைங்க படிக்கும்" என்று அம்மாவிடம் அப்பா சொன்னார். வயிற்றெரிச்சல் இல்லாமல் இல்லை. அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: இந்த மண்ணில் பயிர் செய்தவன் கோவிந்தன் என்று சர்க்கார் காகிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் உதை வாங்கியது.

மேட்டூர் திறந்து புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. விதைநெல்லை ஊறப்போட வேண்டிய நேரம். ஒரு சாயங்காலம் ராமையன் சித்தப்பா வந்தார்.

"அண்ணே, இந்த வருஷம் விதைக்காதீங்க."

"ஏன்டா? வேலைய தை கழிச்சுத்தான ஆரம்பிக்கிறாங்க?"

"யாரு சொன்னா? புல்டோசர் எப்ப வேணா வந்துரும். கதிர் வாங்குற நேரமாப் பாத்து எறக்கிட்டான்னா என்ன பண்ணுவீங்க? சூல் பயிர மிதிக்கிறத நம்ம கண்ணால பாக்கணுமா? வேண்டாண்ணே, அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடாது."

ஊர்ப்பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்னைப் போல வெளியே வந்துவிட்டவர்களின் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பால் பிடிக்கிற பயிரை மிதிப்பது பிள்ளைத்தாய்ச்சியை மிதிப்பது மாதிரி என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். பக்கத்து வயலில் மாடு புகுந்தால்கூடச் சோற்றுக் கையோடு ஓடுவார்கள். விதை நஷ்டமாகும், உழவுக்கூலி நஷ்டமாகும் என்று சித்தப்பா சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார். பயிர் மிதிபடும் என்றதும் சரி என்றுவிட்டார். தெருவே சித்தப்பா பேச்சைக் கேட்டது. விதைக்கோட்டை பரணிலேயே கிடந்தது. ஆடி மாதத்தில் வயல் வெறுமையாகக் கிடப்பதை அப்பாவால் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்.

புல்டோசர் வரவில்லை. கணக்குப்பிள்ளைதான் வந்தார். வி.ஏ.ஓ. என்று பெயர் மாறியிருந்தாலும் எங்களுக்கு அவர் கணக்குப்பிள்ளைதான். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வருஷாவருஷம் எழுதும் அரசாங்கப் பதிவேட்டுக்கு அடங்கல் என்று பெயர். அதில் எங்கள் வயலுக்கு நேரே 'தரிசு' என்று எழுதினார். சாகுபடிதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார். வேலைக்கான பட்டியலை அந்த வருஷத்து அடங்கலைப் பார்த்துத்தான் தயாரித்தார்களாம். எங்களுக்கு அது தெரியாது, சித்தப்பாவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த தன் வயலில் அவர் மட்டும் விதைத்திருந்தார்! பார்த்துவிட்டுக் கேட்டவர்களிடம், "அதுவா, மாட்டுக்கு வைக்கோல் வேணுமேன்னு ஒரு மூலையில போட்டேன்" என்றார். அதையும் நம்பினோம், வெட்கங்கெட்ட ஜனங்கள். அவர் பெயர் சாகுபடிதாரர் என்று ஏறியது. அவர் மகன் செல்வத்துக்கு வயசு வந்ததும் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. தரிசு நிலத்துக்கு உரிமை கேட்க ஆள் இல்லையல்லவா, மிச்ச வேலைகள் கட்சிக்காரர்களுக்குப் போயின.

தாலுகா ஆபீசுக்கு அப்பாவோடு நானும் போனேன். "நிலத்துல என்ன இருந்துச்சோ அததான் எழுத முடியும் பெரியவரே" என்றார் அங்கிருந்தவர். "முப்பது வருஷமா வெளைஞ்ச நெலம்ங்க" என்றார் அப்பா. "இந்த வருஷம் வெளையலல்ல?"  அப்பா திரும்பி வந்து சித்தப்பா வீட்டு வாசலில் நின்றார். "ஏன்டா ராமையா, அன்னிக்கு வேன்ல ரெண்டு பேரையும் ஒரே வெலங்குலதானடா பூட்டுனான்? நீ வேற ஆளுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

எனக்கு மார்க்கில் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு அதே பல்கலைக்கழகத்தின் மாதிரிப் பண்ணையில் தினக்கூலி வேலை, தன் வயலில் தானே கூலிக்கு. முதல் வருஷம் எங்களுக்குப் பல்கலைக்கழக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. 'பயனற்றுத் தரிசாகக் கிடந்த நிலத்தை அறிவியல் முறையில் விளைநிலமாக்கி...' என்று பேராசிரியர் குறிப்புச் சொல்லிக்கொண்டே போவார். ஜன்னலுக்கு வெளியே அப்பா நாற்றுமுடி வீசிக்கொண்டிருப்பார். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எழுதினேன். ஒரு வார்த்தை பிசகாமல் எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது. "பரிச்ச எப்படிப்பா எழுதுன?" என்று அப்பா கேட்டபோது "நல்லா எழுதியிருக்கேன்ப்பா" என்றேன். அந்த மார்க்குகளை வைத்துத்தான் மேல்படிப்பு, விமானம், இந்தப் புல் எல்லாம். சித்தப்பாவைத் திட்டும்போதெல்லாம் இந்த மார்க்கும் தொண்டையில் வந்து நிற்கும்.

லிண்டாவிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனுஷி; கண் கலங்கிவிட்டார். "உங்கள் அப்பா முந்தின வருஷமே ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருக்கலாமே" என்றார். எங்கள் வீட்டில் அப்பாவின் முதல் புகைப்படம் அவர் செத்தபிறகு அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கினது என்று எப்படிச் சொல்வது! தலையாட்டி வைத்தேன். இங்கே கூட்டத்தில் தாளைப் படிப்பதால் அந்தப் பழங்குடிகளுக்கு ஒரு சாண் நிலம் திரும்பி வரப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும், வாய்விட்டுச் சொல்லவாவது செய்கிறார்களே என்று சில நாள் பொறாமையாக இருக்கும். சில நாள், சொல்லிவிட்டு எப்படி சாண்ட்விச் இறங்குகிறது என்று எரிச்சலாக இருக்கும்.

போன வருஷம் செல்வத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இப்போது பதிவாளர் அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். பல்கலைக்கழக ஆண்டு விழா மலருக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவன் என்ற முறையில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். முதலில் முடியாது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. அடங்கலில் வராத வரியை இந்த மலரிலாவது ஏற்றிவிடலாமே! உட்கார்ந்து எழுதினேன். 'மாதிரிப் பண்ணை இருக்கும் இடம் தரிசு அல்ல. என் தந்தை கோவிந்தன் முப்பது வருஷம் அங்கே நெல் விளைவித்தார். ஒரே ஒரு வருஷம் விதைக்கவில்லை.' யாரையும் குற்றம் சொல்லவில்லை. ராமையன் பெயரைக்கூட விட்டுவிட்டேன். "அருமைண்ணே. பெரியப்பா பேரு கண்டிப்பா வரும்" என்று செல்வம் பதில் போட்டான். அம்மாவிடம் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மலர் வந்தது. என் புகைப்படம், என் பெயர், அதற்குக் கீழே: 'தரிசாகக் கிடந்த மண்ணைப் பொன் விளையும் பூமியாக்கிய பல்கலைக்கழகத்தின் மாணவன் என்பதில் பெருமை கொள்கிறேன்.' அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"கோச்சுக்காதீங்கண்ணே. ரெக்கார்டுல தரிசுன்னுதான் இருக்கு. கமிட்டியில கேள்வி கேப்பாங்கல்ல? ஆதாரம் இருந்தா அனுப்புங்க, அடுத்த தடவ போட்டுருவோம்."

"ஆதாரம் ஒங்கப்பாடா!" என்று கத்தினேன்.

"அவரு போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சேண்ணே" என்றான், வெகு சாந்தமாக.

அம்மாவைக் கூப்பிட்டேன். பல்கலைக்கழகச் சுற்றுச்சுவருக்கு வெளியே காலனி வீட்டில் இருக்கிறாள். "செல்வமே வந்து படிச்சுக் காட்டுனான். தெருவே உக்காந்து கேட்டுச்சு. அப்பா பேரு வரும் வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

"அம்மா, அத நான் எழுதலம்மா. நான் வேற எழுதுனேன், மாத்திட்டாங்க."

 

"படிக்கிறப்ப விடியக்காலம் எழுந்து வாய்விட்டு மனப்பாடம் பண்ணுவியே, தரிசாகக் கிடந்த நிலத்தைன்னு? அதையும் யாராச்சும் மாத்துனாங்களா?" என்று கேட்டாள். "ஒங்கப்பா வேலைக்குக் கெளம்பி வாசல்ல நின்னு கேட்டாரு. உள்ள வரப்போனவர நான்தான் கையப் புடிச்சு, புள்ள படிக்கட்டும்னு அனுப்பி வச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. புத்தகம் எங்கே என்று கேட்டேன். எழுத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளாம். படத்தை மட்டும் வெட்டி எடுத்து அப்பா படத்தின் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறாளாம். சுவருக்கு உள்ளே பல்கலைக்கழக நூலகத்தில் என் பெயரும் அந்த வரியும் இருக்கின்றன. சுவருக்கு வெளியே அப்பாவின் காலடியில் என் முகம் மட்டும் இருக்கிறது. கத்தரிக்கோல் கொஞ்சம் கோணலாகப் போய் ஒரு பக்கத் தோளும் போய்விட்டது என்று அம்மா சொன்னாள்.