வரதராஜாவின் பச்சை முகம்

ஒரு மனிதரின் முகத்துக்குச் சரியான நிறம் என்று ஒன்று உண்டா? புலம்பெயர்ந்து வந்து செவன் ஹில்ஸில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நிறம் ஒப்பிட்ட கல்யாணிக்கு, அறுபது வயதுவரை இதில் ஐயமே வந்ததில்லை. மாதிரி அட்டையின் பக்கத்தில் புதுக் கலவையைப் பூசிப் பார்ப்பாள். இரண்டும் ஒன்று, அல்லது ஒன்றில்லை. மூன்றாவது பதில் அந்த வேலையில் கிடையாது.

பிறகு மெரிலேண்ட்ஸில் சனிக்கிழமை ஓவிய வகுப்புக்குப் போனாள். செசான் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த ஆப்பிள்களின் அச்சுப்படத்தை அங்கே காட்டினார்கள். மேசை சாய்ந்திருந்தது, ஆப்பிள்கள் விழவில்லை. பிழை என்றுதான் நினைத்தாள். கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, உலகமும் அப்படித் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது என்பது மெல்லத்தான் புரிந்தது. இருப்பதை இருந்தபடி காட்டக் கமெரா வந்துவிட்ட காலத்தில், செசானும் வான்கோவும் கோகானும் வேறொன்றைக் கேட்டார்கள்: பார்க்கிற ஆளை விலக்கிவிட்டால் மிஞ்சும் அசல் எது? அவர்களிடமும் முழுப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

கல்யாணி தன் கணவர் வரதராஜாவைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தி வரைந்தாள். அப்போது அவருக்கு நோய் முற்றியிருந்தது. யன்னல் வெளிச்சம் பட்ட கன்னத்துக்குப் பச்சை, கழுத்துக்கு ஊதா.

"என்னப்பா, என்னைப் பாவற்காய் ஆக்கிப்போட்டாய்?"

"ஆடாமல் இருங்கோ."

"பாவற்காய் எங்கை ஆடுறது?"

நல்ல ஓவியம் என்று சொல்வதற்கில்லை. கைகள் சரியாக வரவில்லை.

ஜூலையில் அவர் இறந்தார். கல்யாணி அழவில்லை. சனம் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவி அடுக்கினாள். வெந்நீர் கையைச் சுட்டது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது. வரதராஜாவின் தங்கை பத்மா டூங்கபியிலிருந்து ஒரு போட்டோ கொண்டுவந்தாள். கணினியில் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு, முகத்தையும் வெளுப்பாக்கியிருந்தார்கள்.

"இவர் எப்ப ரை கட்டினவர்?" என்றாள் கல்யாணி.

"கட்டாட்டில் என்ன, மச்சாள்? பார்க்க வடிவா இருக்கவேணும். பேரப்பிள்ளையளுக்கு அண்ணா எண்டால் இனி இந்த முகந்தான்."

அது உண்மைதான். பத்மா போனபின் கல்யாணி போட்டோவையும் ஓவியத்தையும் மேசையில் அருகருகே வைத்தாள். இரண்டும் ஒன்றில்லை. இதில் எது மாதிரி, எது கலவை என்று ஒப்பிட்டுச் சொல்ல, அந்த முகம் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை.

அச்சகத்திலிருந்து அனுஷன் போன் செய்தான். "அன்ரி, இண்டைக்குப் பின்னேரம் படம் வராட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் புத்தகம் இல்லை."

"அனுப்புறன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருநூறு பிரதிகள் கைமாறின. எல்லாவற்றிலும் வரதராஜா பச்சையாக இருந்தார்.

"மச்சாள், உமக்கென்ன விசரே? ஏன் இப்பிடிச் செய்தனீர்?" பத்மாவின் குரல் உடைந்திருந்தது.

கல்யாணி அவளுடைய கையிலிருந்த பிரதியை வாங்கி, அட்டையைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றாள்.