பொட்டலம் பிரியும் சத்தம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். மறுமுனையில் யார் அலறினாலும் அவர் குரல் ஏறாது. ஆறு வருடங்களாக இதே நாற்காலி. இப்போது அதன் இரண்டு கைகளும் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்தன. அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே கிளம்பியது.

மேசை இழுப்பறையில் பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட். ஓர் அழைப்பு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு பொட்டலம் காலியாகிவிடும். பசி என்று சொல்ல முடியாது. மதியச் சாப்பாடு முடிந்து அரைமணிகூட ஆகியிருக்காது. ருசிக்காக என்றும் சொல்ல முடியாது. எதைத் தின்றோம் என்பதைக் காலி உறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

“இந்த பேண்ட்ல பிரிச்சு விட இனிமே துணி இல்ல. இன்னொரு பேண்ட்டத்தான் சேத்துத் தைக்கணும்” என்றாள் மனைவி. சிரித்தார். அன்றும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அன்று பிற்பகல் ஒரு பெண் அழைத்தாள். அவளுடைய அப்பா மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அவர் நெஞ்சை அழுத்தும்படி நிதானம் சொன்னார். “நானும் கூடவே எண்ணுறேம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு...” ஒன்பது நிமிடம் எண்ணினார். வண்டி வந்து சேர்ந்தது. தொடர்பைத் துண்டித்துவிட்டதாக நினைத்து இழுப்பறையைத் திறந்தார். துண்டிக்கவில்லை.

“சார்... சாப்பிட்டுக்கிட்டா இருக்கீங்க?”

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பட்டனை அழுத்தினார்.

எல்லா அழைப்புகளும் பதிவாகும். மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். இவரைவிடப் பத்து வயது சின்னப் பெண்.

“அண்ணே, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்கள போன்லேர்ந்து எடுத்துடுவாங்க. ஸ்டோர் ரூம்ல உக்காந்து பஞ்சு எண்ண வேண்டியதுதான். இந்த வாரம் உங்க பழைய பதிவெல்லாம் நீங்களே கேளுங்க.”

துண்டித்த பிறகும் சில நொடிகள் பதிவு ஓடும். அந்த நொடிகளில்தான் பொட்டலம் பிரியும் சத்தம். மூன்றாம் நாள் அவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. அழைப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும், ‘கண்ணு முழிச்சிட்டாரு’ என்று யாராவது சொல்லி முடித்திருந்தால் அந்தச் சத்தம் இல்லை. வண்டி ஏற்றிக்கொண்டு போய், அதன் பிறகு என்ன ஆனதென்று தெரியாமல் முடிந்தவற்றில் மட்டும் இருந்தது. அப்படி முடிந்தவைதான் அதிகம்.

அன்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போன வண்டியின் ஓட்டுநரை அழைத்தார்.

“அந்தப் பெரியவரா? காப்பில சக்கர இல்லன்னு நர்ஸோட சண்ட போட்டுக்கிட்டிருக்காரு. அந்தப் பொண்ணு உங்களத்தான் கேட்டுச்சு, நிதானம். ‘பாவம், என்னால அவரு சாப்பாடு பாதில நின்னுபோச்சு’ன்னு.”



அதிலிருந்து தினமும் வேலை முடிவதற்கு முன், ஏற்றிப்போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஓட்டுநர்களைக் கேட்பது வழக்கமானது. சில நாள் “இல்லண்ணே, போயிட்டாரு” என்று பதில் வரும். அதுவும் கனக்கத்தான் செய்தது, ஆனால் கை இழுப்பறைக்குப் போகவில்லை. துக்கத்தை மனிதன் எப்படியோ சுமந்துவிடுகிறான். முடிவு தெரியாததைத்தான் அவர் ஆறு வருடங்களாக மென்றுகொண்டிருந்தார் போலும்.

பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். நான்கு மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தது. நாற்காலி இப்போது அவரோடு எழுவதில்லை. ஸ்டோர் ரூம் பேச்சும் எழவில்லை. சில நாள், “ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டோம், தெரியல” என்று ஓட்டுநர் சொன்னால் இழுப்பறை இன்னும் திறக்கிறது. போன வாரம் அப்படித்தான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தவர் முகம் சுளித்தார்.

“என்னய்யா, இது எப்பவுமே இவ்ளோ தித்திப்பாவா இருந்துச்சு?”

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். “ஆறு வருஷமா தின்னுட்டு இப்ப கேக்கறாரு பாரு.”