டயருக்கு வந்த வீக்கம்

போன வெள்ளிக்கிழமை என் பேத்தி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அவளை வாசலுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று என் மனைவி சரசு நேரம் குறித்து வைத்திருந்தாள்.

வந்தது எப்போது தெரியுமா? பன்னிரண்டுக்கு மேல். சாவகாசமாக...

வண்டி என்னுடையதுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கால் டாக்சி ஓட்டுகிறவன் நான். அன்று சவாரி எதுவும் எடுக்கவில்லை. வண்டியைக் கழுவினேன். டயர் சூடாவதற்கு முன் பார்த்தால்தான் காற்றின் அளவு சரியாகத் தெரியும் என்பதால், விடிந்ததுமே பக்கத்து பங்க்குக்குப் போய்ப் பார்த்தேன். நான்கிலும் சரியாக இருந்தது. தரையைப் பிடிக்கிற பட்டனும் தேயவில்லை. மொட்டை டயரோடு பச்சைக் குழந்தையை அழைத்துவர நான் என்ன பைத்தியமா?

எங்கள் வெள்ளானூரிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கிற பூந்தமல்லிக்கு ரிங் ரோட்டில் போனால் அதிக நேரம் ஆகாது. கிளம்பத் தயார்.

சரசு சும்மா விடுவாளா? நான்கு டயருக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தாக வேண்டும். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகக் குனிந்தாள். முன்பக்க இடது டயரில் விரல் அப்படியே நின்றது.

வெளியாள் இருந்தால் என்னை 'இன்னாங்க' என்பாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் 'யோவ்'.

"யோவ், இங்க வா. இதுக்கு இன்னா, இப்டி வீங்கிகினு கீது?"

குனிந்து பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. முந்தின நாள் மழையில் பருத்திப்பட்டு பக்கம் தண்ணீருக்குள் ஒளிந்திருந்த பள்ளத்தில் 'தட்' என்று விழுந்தது நினைவுக்கு வந்தது. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த இடத்தில் காற்று வெளியே தள்ளுகிறது. ரிங் ரோட்டு வேகத்தில் வெடித்தால்...

காற்று சரியாக இருந்தது. டயர் சரியாக இல்லை!

யோசித்துப் பார்த்தால், டயரும் என்னைப் போலக் கூச்சப்படுகிற ஜென்மம்தான். பிரேக் கத்தும். இன்ஜின் இருமும். ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டயர் மட்டும் தன் குறையை வாய்விட்டுச் சொல்லாது. நாமாகக் குனிந்து பார்த்தால்தான் உண்டு. எத்தனை பேர் குனிகிறோம்?

ஆனாலும் என் புத்தி எங்கே போனது பாருங்கள். மெதுவாக உருட்டிக்கொண்டே போய்விடுகிறேன், நேரம் தவறிவிடும் என்றேன். சரசு சக்கரத்தின் முன்னால் வந்து நின்றாள். ராகு காலத்தில் பக்கத்துக் கடைக்குக்கூடப் போகாதவள் அவள்.

"நேரம் போனா போவட்டும்யா. இத்தோட போயி, நடுரோட்ல..."

பிள்ளை வீட்டுக்கு வருகிற நாளில் அந்தச் சொல் வாயில் வரக்கூடாது. மஞ்சள் விரலை உதட்டில் வைத்து மீதியை விழுங்கிக்கொண்டாள்.

சாவியைப் பையில் போட்டேன்.

இனிதான் பெரிய வேலை. ஆஸ்பத்திரியில் மகளோடு சம்மந்தியம்மா இருக்கிறார். நேரமாகும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரிடம் பேசியது 'வாங்க', 'சாப்டீங்களா' — அவ்வளவுதான். சரசுவைப் பேசச் சொன்னால், வண்டி சமாச்சாரம் எனக்கு இன்னா தெரியும் என்று நழுவிவிட்டாள். நானே போன் போட்டேன்.

"சம்மந்தி... கொஞ்சம் லேட்டாவும். வீக்கம் கண்டுகீது."

"வீக்கமா? யாருக்கு, சரசுவுக்கா?"

"இல்ல... டயருக்கு."

போனில் ஒரு சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பொறுமையா வாங்க. உங்க பேத்தி தூங்கிகினு கீறா. அவளுக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது."

டிக்கியைத் திறந்தால், ஸ்டெப்னி டயரில் பாதிக் காற்று. நான்கு பேருக்குக் காற்று பார்க்கிற நாம் டிக்கியில் படுத்திருக்கும் ஐந்தாவது ஆளை மறந்துவிடுகிறோம். தெருமுனை பஞ்சர் கடைக்கு அதை உருட்டிப் போய்க் காற்றடித்து மாட்டினேன். அதோடு நேராக டயர் கடை. வீங்கியதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது டயர். ராகு காலம் பாதி அங்கேயே கழிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது சம்மந்தியம்மா முன் சீட்டில். பின்னால் சரசு, அவள் பக்கத்தில் மகள், மடியில் பேத்தி. நான் ஓட்டிய வேகத்துக்கு ஒரு தண்ணீர் லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனது. தண்ணீர் லாரியே என்னை முந்திப் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு திருப்பத்தில் வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதில் வண்டி லேசாகக் குலுங்கிவிட்டது. பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். பேத்தி கண் திறந்திருந்தாள். யார்டா இந்த ஆளு என்பது போல ஒரு பார்வை. பிறகு ஒரு கொட்டாவி. மறுபடியும் தூங்கிவிட்டாள்.

வண்டி ஓட்டிய இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லைசென்ஸ் அதுதான்.