இடது கையால் கொடுத்தவர்

பல்லேபொல போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மிளகு வியாபாரி, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, மருதாணி போட்ட தாடி, அசைவே இல்லாத முகம். கண்டக்டருக்கு இடது கையால் காசு நீட்டும்போது, "குறை நினைக்காதீங்க, மத்தக் கை சொல்லுக் கேக்குதில்ல" என்றார். எனக்கு இஞ்சி டொபி தந்தபோதும் அதையே சொன்னார்.

பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் என்று புரிந்தது. அந்த நோயில் மூளைக்குள் தப்பாக மடிந்துபோகும் ஒரு புரதத்தின் வடிவத்தைத்தான் நான் ஆய்வுகூடத்தில் பல வருடங்களாகத் தேடுகிறேன். அவரிடம் சொல்லி, போனில் அதுவரை கிடைத்திருந்த படத்தையும் காட்டினேன். மடித்து அடுக்கிய நாடா போன்ற அதை வெகுநேரம் பார்த்தார்.

"இவன்தானா? வடிவாத்தானே இருக்கான். பாத்தாச்சுதானே, இனி நேராக்க ஏலுமா?"

"இப்ப ஏலாது நானா," என்று அண்ணன் முறையில் அவரை அழைத்துச் சொன்னேன். "இன்னும் கிட்டப் போய்ப் பாக்கணும்."

அவர் இறங்கும் இடம் வந்ததும், அதுவரை மறைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். பிடித்தேன். அந்த நடுக்கம் என் முழங்கை வரை ஏறியது.

"இத விடக் கிட்ட ஏலுமா தம்பி?"

கேலியா, வேண்டுகோளா என்று தெரியுமுன் இறங்கிவிட்டார்.

இப்போது எங்களிடம் இன்னும் தெளிவான படம் இருக்கிறது. நேராக்கத்தான் தெரியவில்லை. அவரைத் திரும்பவும் கண்டால், போனை வெளியே எடுக்க எனக்குக் கை வராது.